மகள்களுக்குக் கிடைத்த பங்கு

ஆ-கிம்முக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். அவளுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து வருடக்கணக்காகச் சிப்பி உடைக்கிறவள் நான். எனக்கே சில நாள் காது வலிக்கும். கை பாட்டுக்குக் கத்தியைச் சிப்பிக்குள் விட்டுத் திருப்பிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்கு ஊரைத் தோலுரித்துக்கொண்டிருக்கும். கோயில் கமிட்டியாகட்டும், சிப்பி வாங்க வரும் தரகனாகட்டும், அவள் பேசினால் மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்டவள் எவ்வளவு பேசியும் ஒன்றும் எடுபடாமல் போன நாள் ஒன்று உண்டு. அது எங்கள் கடலோர ஊரைக் காக்கும் ஓங்யா சாமி ஊர்வலம் வந்த நாள்.

ஆ-கிம் பிறந்தது யாங் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டது லிம் குடும்பத்தில். அவளுடைய அப்பா கடலில் சிப்பி வளர்க்கும் தெப்பத்துக் கயிற்றை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், பிறகு எழுந்து நடமாடவே இல்லை. இதயச் சுவர் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு தடித்துவிட்டது, இது பரம்பரையாக வரக்கூடும், பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். மூத்த மகன் தியாம்-ஹோக் ஒரு வேனைப் பிடித்தார். தம்பி, தன் மகன்கள், தம்பி மகன்கள் என்று யாங் பெயர் வைத்திருந்த ஆண்பிள்ளைகள் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டு போனார். எல்லோருக்கும் இதயம் சுத்தம். அந்தச் சந்தோஷத்தில் கோயிலுக்கு ஒரு முழுப் பன்றியைப் படைத்து, "யாங் ரத்தத்துல ஒரு குறையும் இல்ல" என்று மேடையேறிச் சொன்னார்.

வேனில் ஆ-கிம்மும் இல்லை, அவள் தங்கை ஆ-குவானும் இல்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டிக் கொடுத்த பெண் வாசலில் கொட்டிய தண்ணீர் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. கொட்டிய தண்ணீருக்கு எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறார்கள்? அப்பாவின் காரியம் முடிந்ததும் அக்காளும் தங்கையும் சொத்தில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. போடாதவளைப் பிறந்த வீட்டுப் படியில் ஏற்ற மாட்டார்கள். தெப்பங்கள், வீடு, கரையோர நிலம் எல்லாம் அண்ணன் தம்பிகளுக்குப் போயின. ஆ-கிம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் பேசாமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான் இருக்கும்.

அவளுக்கு ஒரே மகன், கோக்-சுன். நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா, எருமை மாதிரி தோள். சாமிப் பல்லக்கின் பின்கொம்பு அவனுடையது. பாரம் முழுக்கப் பின்னால்தான் இறங்கும் என்பதால் அங்கே லேசுப்பட்டவனை நிறுத்த மாட்டார்கள். அந்த வருடம் புத்தாண்டு கழிந்ததிலிருந்து அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருநாள் தெப்பத்தில் கண் இருட்டி விழுந்தான். பாசி வழுக்கியது என்று வீட்டில் சொன்னான். ஆ-கிம் நம்பவில்லை, ஆனால் வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர்வலத்தன்று காலை வாசலில் மேசை போட்டுப் பழமும் பூவும் அடுக்கிக்கொண்டிருந்தோம். தைப்பேயிலிருந்து ஆ-குவான் போனில் கூப்பிட்டாள். அவள் மகளுக்கு அப்போதுதான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஆ-கிம்மின் கையெல்லாம் அன்னாசிச் சாறு. நான்தான் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, பாப்பாவுக்குக் குதிகால்ல ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. அதுல ஒரு கோளாறு தெரியுதாம். இப்போ ஒண்ணும் பண்ணாதாம். வயசு ஏற ஏற இதயச் சுவர் தடிச்சுக்கிட்டே போகுமாம்."

"ஐயோ, பச்சைக் குழந்தைக்கா? யாரு கொடுத்தது? உன் மருமகன் வீட்டுச் சனியனா?"

"இல்லக்கா. என் மககிட்டயிருந்து பாப்பாவுக்கு. அவளுக்கு என்கிட்டயிருந்து. எனக்கு... எனக்கு நம்ம அப்பாகிட்டயிருந்து."

ஆ-கிம் சிரித்தேவிட்டாள். "போடி பைத்தியம். அண்ணன் வேன் பிடிச்சுப் போய் எல்லாரையும் காட்டிட்டு வந்தாரு. ஒருத்தருக்கும் இல்ல."

"அதைத்தான் டாக்டர்கிட்ட நானும் சொன்னேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்பாகிட்ட ரெண்டு பை இருக்குன்னு வெச்சுக்க அக்கா. ஒண்ணு மகனுக்குக் கொடுக்கிற பை, ஒண்ணு மகளுக்குக் கொடுக்கிற பை. கோளாறு மக பையில இருக்கு. மகனுங்களுக்கு அது வரவே வராது. மகளுங்க எல்லாருக்கும் கண்டிப்பா வரும். எனக்கும் இருக்கு, உனக்கும் இருக்கு, சந்தேகமே இல்லையாம்."

நான் ஆ-கிம்மின் முகத்தைப் பார்த்தேன். கத்தி அப்படியே பழத்தில் நின்றது.

"நமக்கு அவ்வளவு மோசமா வராதாம்," என்றாள் ஆ-குவான். "பொம்பளைக்கு அந்த மக பை ரெண்டு இருக்காம், கெட்டது ஒண்ணுன்னா நல்லது ஒண்ணு தாங்கிக்குமாம். நம்ம வயித்துல பொறந்த ஆம்பளைங்களுக்குத்தான் ஆபத்து. வர்றதும் வராததும் பாதிக்குப் பாதி. இருந்தா நாப்பதுக்கு மேல காட்டிடுமாம். கோக்-சுன் நல்லா இருக்கானா அக்கா? மூச்சு வாங்குது, மயக்கம் வருதுன்னா பாரம் தூக்கவே கூடாதாம். நின்ன இடத்துலயே போயிடுவாங்களாம். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

தூரத்தில் தாரை தப்பட்டை கேட்டது. பல்லக்கு விடியற்காலையிலேயே புறப்பட்டிருந்தது. பல்லக்குத் தூக்குகிறவர்கள் செல்போனைக் கோயிலில் கொடுத்துவிட்டுத்தான் கொம்பைத் தொடுவார்கள். ஆ-கிம் கையைக்கூடக் கழுவவில்லை, என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் என் இடுப்பைப் பிடித்த பிடி இருக்கிறதே, இரண்டு நாள் கன்றியிருந்தது.

மீன் ஏலக் கொட்டகை முன்னால் பல்லக்கை மரக்கால்கள் மேல் இறக்கி வைத்திருந்தார்கள். தூக்குகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து பூசணிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். கோக்-சுன் குடிக்கவில்லை. தூணில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். உதடு கத்தரிக்காய் நிறம்.

ஆ-கிம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டான், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான், சிரித்தான்.

"அம்மா, ஊரே பார்க்குது. இன்னும் ஒரு தெருதான். கோயில் வாசல்ல போய் முடிச்சிட்டு நாளைக்கு நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

"வாசல்லதாண்டா இருக்கு! பட்டாசுக் குவியல் மேல ஏழு தடவை முன்னும் பின்னும் ஓடுவீங்க. உன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்தியா?"

"சாமி தோள்ல இருக்கும்போது எவனுக்கும்மா என்ன ஆச்சு? அப்படியே நெனச்சாலும் நான் நட்டநடுவுல கழட்டிக்க முடியாது. ஆள் மாத்தணும்னா சாமிகிட்ட உத்தரவு கேக்கணும். மாமாகிட்ட போய்க் கேளு. மாமா சொன்னா இறங்குறேன்."

மேலே வானத்துச் சாமி, கீழே தாய்மாமன் என்று எங்களிடம் ஒரு பழமொழி உண்டு. அந்தத் தாய்மாமன்தான் ஊர்வலத் தலைவர், தியாம்-ஹோக். சாமியிடம் கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டும் அவர் இடுப்புப் பையில்தான் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. போட்டால் ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழ வேண்டும், அதுதான் சம்மதம். இரண்டும் மேடாக விழுந்தால் சாமி கூடாது என்கிறார்.

அவரைப் பட்டாசு ஏற்றிய லாரிக்குப் பின்னால் பிடித்தோம். ஆ-கிம் பேசப்பேச அவர் முகம் கல்லாகிக்கொண்டே போனது.

"மெதுவாப் பேசு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்க எல்லாரையும் சோதிச்சாச்சு. யாங் குடும்பத்துல அந்த நோய் கிடையாது. நீ லிம் வீட்டுக்காரி. உன் பையன் லிம். எங்க அப்பா நோய் உங்க வீட்டுல எப்படிம்மா வரும்?"

"எப்படியா? அவருக்கு நான் பொறந்த மாதிரிதான் வரும்! உனக்கு வராது அண்ணே, நீ மகன். எங்களுக்குத்தான் வரும்."

"உலகத்துல எங்கயாவது அப்பன் வழி நோய் மகனை விட்டுட்டு மகளுக்குப் போகுமா? அடுத்த மாசம் என் பேரனுக்கு நிச்சயம். இப்போ நடுத்தெருவுல கட்டையை உருட்டி, எங்க பரம்பரையில இதய நோய்னு ஊருக்குத் தண்டோரா போடச் சொல்றியா?"

ஆ-கிம் அவர் சட்டையைப் பிடித்தாள். நான் பயந்தே போனேன். ஊர்வலத் தலைவரை ஒரு பெண் தொடுவதை அதுவரை நான் பார்த்ததில்லை.

"சொத்துல பங்கு இல்லன்னு கையெழுத்து வாங்கினியே, போட்டுக் கொடுத்தேன்ல? ஒரு வார்த்தை பேசினேனா? நீ கொடுக்காததை அப்பாவே எங்களுக்குத் தனியா எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு. ரெண்டு பொண்ணுக்கும் சரிசமமா. உனக்கு இதுல துளிப் பங்கு கிடையாது. கட்டையை எடு. என் பிள்ளையை இறக்கு."

அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "சாமி பொறுக்கி எடுத்த ஆளை நான் இறக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய் கொடியை உயர்த்தினார். பல்லக்கு எழுந்தது. பின்கொம்பு ஒரு நொடி தாழ்ந்து, பிறகு மேலே வந்ததை நான் பார்த்தேன். ஆ-கிம்மும் பார்த்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளைக் கடலில் தள்ளியிருப்பேன். ஆ-கிம் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கோயில் தெருவைப் பார்க்க நடந்தாள். நான் ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

தெருவில் ஜனங்கள் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தார்கள். பல்லக்கு தங்கள் மேலாகக் கடந்து போனால் நோய் நொடி போய்விடும் என்று எங்கள் ஊரில் கிழவரிலிருந்து காலேஜ் பெண்கள் வரை படுப்பார்கள். தூக்குகிறவர்கள் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகக் கால் வைத்து நடப்பார்கள், நடுவில் சாமி தலைக்கு மேலே போவார். வரிசையின் கடைசி, கோயில் வாசலுக்குப் பக்கத்தில், பட்டாசுக் குவியலுக்கு முன்னால் இருந்தது. ஆ-கிம் அங்கே போய்ப் படுத்தாள்.

"என்னடி பண்ணப் போற?" என்றேன்.

"நீயும் படு. கடைசியில நான் தனியாத் தெரிஞ்சா சந்தேகப்படுவானுங்க."

அவள் காலடியில் தலை வைத்து நானும் படுத்தேன். தார் கொதித்தது. எல்லோரும் சாமி வருகிற திசையில் தலை வைத்திருந்தோம். தாரை நெருங்கியது. கண்ணை மூடவே எனக்குத் தைரியம் வரவில்லை. பல்லக்குத் தள்ளாடித் தள்ளாடி வந்தது. முன்கொம்புக்காரர்களின் செருப்பில்லாத கால்கள் எங்களைக் கடந்தன. பிறகு வெயில் மறைந்தது. பல்லக்கின் பட்டுத் துணி நாலாபுறமும் தொங்க, உள்ளே நானும் அவளும் மட்டும் கூடாரத்துக்குள் இருப்பதுபோல் இருந்தோம். பின்கொம்புக் கால்கள் வந்தன. ஆ-கிம் கையை நீட்டினாள். மகனின் கணுக்காலைப் பிடித்தாள்.

பல்லக்கு குலுங்கி நின்றது.

அவன் காலை உதறினான். அவள் இரண்டு கையாலும் பிடித்து, தலையை அவன் பாதத்தின்மேல் வைத்துவிட்டாள். மிதித்தால்தான் போக முடியும். மேலே அவன் மூச்சு எனக்குக் கேட்டது, அறுத்துவிட்ட பன்றி மூச்சு விடுவது மாதிரி. "அம்மா, விடும்மா," என்றான் ஈனமாக. அவள் விடவில்லை.

வெளியே இருந்தவர்களுக்கு எங்களைத் தெரியாது. அவர்கள் கண்டது ஒன்றுதான். தாரை நின்றது. யாரோ ஒரு பெண் அலறினாள்: "சாமி நின்னுட்டாரு! நகர மாட்டேங்கிறாரு!" உடனே தெரு முழுக்க முழங்கால் போடும் சத்தம். சாமிக்கு என்ன மனக்குறை, எங்கே தப்பு நடந்தது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். இனி தலைவர் கட்டை போட்டுக் கேட்டே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

தியாம்-ஹோக்கின் கால்கள் வந்து பக்கத்தில் நின்றன. அவர் மண்டியிட்டார். துணியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினார். உள்ளே அவர் தங்கை, அறுபதைத் தாண்டியவள், நரைத்த தலையை மகன் காலில் புதைத்துக்கொண்டு தெருவில் கிடந்தாள். அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கண்ணீரும் மூக்குநீரும் தார்மேல் சொட்டிக்கொண்டிருந்தன.

அவர் நிமிர்ந்து கோக்-சுன்னையும் பார்த்திருக்க வேண்டும். அந்த உதட்டைப் பக்கத்தில் அப்போதுதான் பார்த்திருப்பார். அவருடைய அப்பாவின் உதடும் கடைசியில் அந்த நிறம்தான் என்று ஆ-கிம் பின்னால் சொன்னாள்.

"ஓங்யா சாமி!" அவர் பையிலிருந்து கட்டைகளை எடுத்தார். "பின்கொம்புல இருக்கிற ஆளை மாத்தணும்னு கேக்குறீங்களா? உத்தரவு கொடுங்க!"

கட்டைகளை எறிந்தார். அவை தெறித்து, துணிக்குக் கீழே உருண்டு, என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வந்து அடங்கின.

இரண்டும் மேடு.

சாமி கூடாது என்றுவிட்டார். தியாம்-ஹோக் குனிந்து துணியைத் தூக்கினார். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாமி உத்தரவு கேட்காமல் வீட்டுக்குக் கூரை மாற்றாத மனிதர் அவர், மகனின் கல்யாணத் தேதியைக்கூட இந்தக் கட்டைகளைக் கேட்டு வைத்தவர். கமிட்டிக்காரன் ஒருவன் சரிபார்க்க அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வந்தான். அதற்குள் அவர் கை கட்டைகளின்மேல் விழுந்து மூடியது.

"சம்மதம்!" என்று கத்தினார். "சாமி சம்மதிச்சுட்டாரு! ஆள் மாத்தச் சொல்றாரு!"

ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. அவர் கொடியைப் பக்கத்திலிருந்தவன் கையில் திணித்துவிட்டு, எழுபதை நெருங்கிய தோளைப் பின்கொம்புக்குக் கொடுத்தார். "இறங்குடா. மாமன் சொல்றேன்," என்றார்.

கோக்-சுன் இறங்கினான். நாலடி நடந்தான். கோயில் மதிலைப் பிடிக்கக் கை நீட்டினான், பிடிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வழக்கம்போலப் பட்டாசுக் காயத்துக்காகக் கோயில் வாசலிலேயே நின்றிருந்தது. வண்டிக்குள் அவன் இதயம் தாளம் தப்பி நின்றுபோனது. அதிர்ச்சி கொடுத்து மறுபடி ஓடவைத்தார்கள். அதே நேரம் வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது, அந்தப் புகையில் பல்லக்கு ஏழு தடவை ஓடி முடிந்தது. அதில் விழுந்திருந்தால் புகை அடங்கும் வரை ஒருத்தன் கண்ணிலும் பட்டிருக்க மாட்டான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இதயச் சுவர், அவன் தாத்தாவுக்கு இருந்த மாதிரியேதான்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நகரத்து ஆஸ்பத்திரியில் கோக்-சுன்னுக்குச் சொட்டுச்சொட்டாக மருந்து ஏற்றுகிறார்கள். நெஞ்சுக்குள் ஒரு சின்ன இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். அவன் தெப்பத்துக்குப் போவதில்லை, கரையில் கணக்குப் பார்க்கிறான். தூக்க முடியாமல் போனதற்காக அம்மாவிடம் நாலைந்து மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தான். "பேசலேன்னா போ. பேசாம இருக்கவாவது நீ இருக்கியே," என்பாள் அவள். அவனுடைய இரண்டு மகள்களுக்கும் கண்டிப்பாக இருக்கிறது என்று தெரிந்த அன்றுதான் அவன் அவள் மடியில் விழுந்து அழுதான். ஆ-கிம்முக்கும் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள், வாய் குறையவில்லை.

தியாம்-ஹோக் பேரனுக்குப் பார்த்த பெண் வீட்டுக்குத் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் வழிப் பையன்களுக்கு வராது, எங்கள் தங்கைகள் வழியில்தான் வரும், அதை நாங்கள்தான் தேடவில்லை என்றார். நிச்சயம் நடந்தது. அதே மாதம் ஊர்வலத் தலைவர் பதவியை விட்டார். முதுகுவலி என்று காரணம் சொன்னார். ஓங்யா சாமியே பல்லக்கை நிறுத்தி ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்று ஊர் இன்றும் பேசுகிறது. கட்டைகள் எப்படி விழுந்தன என்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்.

போன தடவை மருந்து ஏற்றும் நாளில் நானும் கூடப் போயிருந்தேன். தியாம்-ஹோக்தான் கார் ஓட்டினார், ஒவ்வொரு தடவையும் அவர்தான். மருமகனுக்குச் சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஆ-கிம் பால்மீன் கஞ்சியை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நடந்ததுக்குச் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா? கட்டை போட்டுப் பார்த்தீங்களா?"

அவர் கஞ்சியை ஊதினார்.

"தினமும் ஊதுவத்தி ஏத்துறேன்," என்றார். "கும்பிட்டுட்டு வந்துடுவேன். கட்டையை எடுக்கிறதில்ல."

"ஏன்?"

"தப்புன்னு சொல்லிட்டா என்ன பண்றது? தப்புன்னு ஒத்துக்க என்னால முடியாது." அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த கோக்-சுன்னைப் பார்த்தார். "இவன் மூச்சு விடுறானே."

ஆ-கிம் கஞ்சிப் பாத்திரத்தின் அடியில் கிடந்த பெரிய மீன் துண்டை எடுத்து அண்ணன் கிண்ணத்தில் வைத்தாள்.